புதன்கிழமை ரோம், செவ்வாய்க்கிழமை பதுவை

இத்தாலியை ரயிலில் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாக வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்காருவார்கள். ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், மிலான் என்று தெற்கிலிருந்து வடக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. நாட்காட்டியை வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இப்போது யோசித்தால் எல்லாருமே அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

காரணம் அம்மா. தூத்துக்குடிக்காரர், பிள்ளைகளுக்கு ஆச்சி. இத்தாலி என்றதும் அவர் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, பதுவை அந்தோணியார் கோயில். உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்கள் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் போய் வந்த மனுஷி, "அந்தோணியாரைப் பாக்காம எனக்கு அங்க என்ன சோலி?" என்று முடித்துவிட்டார். அதுவும் செவ்வாய்க்கிழமைதான் போக வேண்டுமாம். இரண்டாவது, பாப்பரசரைத் தூரத்திலிருந்தாவது ஒரு பார்வை. ரோமில் அவர் மக்களைச் சந்திக்கும் பொதுச் சந்திப்பு புதன்கிழமை காலையில்தான் நடக்கும். ஆக, ஒரு புதன் ரோமிலும் ஒரு செவ்வாய் பதுவையிலும் இருந்தே ஆக வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் கோர்த்துக்கொள்ள வேண்டியதுதான். (பதுவைதான் ரயில் செயலியில் பதோவா. ஃப்ளாரன்ஸைத் தேடினால் ஃபிரென்ஸே என்று வரும், நேப்பிள்ஸ் நாப்போலி. ஸ்டேஷன் பலகைகளிலும் அப்படித்தான் இருக்கும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.)

அந்தோணியார் திருவிழா ஜூன் 13. 1231இல் அந்தத் தேதியில்தான் இறந்தார். அந்தக் கூட்டத்தில் அம்மா நிற்க ஆசைப்பட்டார், ஆனால் இங்கே பள்ளிக்கூடம் ஜூன் முதல் வாரமே திறந்துவிடுகிறது. நமக்கு ஏப்ரல் மே கோடை விடுமுறை என்றால் அவர்களுக்கு அது வசந்தகாலம். இது உண்மையில் அதிர்ஷ்டம். இத்தாலியில் வெயில் மண்டையைப் பிளப்பது ஜூலை ஆகஸ்டில், அப்போதுதான் அங்கே பள்ளி விடுமுறையும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஊரே கடலோரத்துக்குப் போய்விடும், பல சின்னக் கடைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஜூலையில் பாப்பரசரின் புதன்கிழமைச் சந்திப்பும் வழக்கமாக இருக்காது. மே மாதத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, ராத்திரி எட்டு மணி வரை வெளிச்சமும் இருக்கும். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 மூன்றும் தேசிய விடுமுறை, அவற்றை ஒட்டிய வார இறுதிகளில் இத்தாலிக்காரர்களே கிளம்பிவிடுவார்கள் என்பதால் மே நடுவில் தொடங்கி மாதக் கடைசிக்குள் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

கிழமைகளைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்றும் கண்ணில் படும். ஃப்ளாரன்ஸில் உஃபிஸி ஓவியக்கூடமும், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்கடெமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவச அனுமதி, அதாவது கூட்டம் தாங்காது. பகல் நேரத்துக்கு மட்டும் வெனிஸ் போகிறவர்களிடம் வசூலிக்கும் நுழைவுக் கட்டணம் சீசனில் பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரைதான். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதியதும் பாதை தானாகவே வந்து விழுந்தது: ரோமில் திங்கள் இறங்கி வெள்ளி வரை, சனிக்கிழமை போலோன்யா, ஞாயிறு அங்கிருந்து ஃப்ளாரன்ஸ் போய் வருவது, திங்கள் எல்லாம் மூடியிருக்கும் நாளில் ரயிலேறிப் பதுவை, செவ்வாய் அம்மாவுக்கு, புதன் வெனிஸ், வியாழன் என் கணவருக்கு (அந்தக் கதை தனியாக வரும்), கடைசியில் மிலானில் விமானம்.

ரோமில் இறங்கி மிலானில் ஏறுவது முக்கியம். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் பிடிப்பதில் ஒரு நாள் வீணாகும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, எப்படியும் வளைகுடாவில் எங்காவது மாறித்தான் போகப் போகிறோம், அந்த விமானங்கள் ரோம், மிலான், வெனிஸ், போலோன்யா எல்லாவற்றுக்கும் போகின்றன. ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறும் டிக்கெட் பெரும்பாலும் சாதாரணப் போகவர டிக்கெட் விலையை ஒட்டித்தான் வரும். தேடும்போது அந்த 'பல ஊர்' என்ற பொத்தானைத் தட்டிப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள்.

தங்குமிடம் நான்கு. ரோம், போலோன்யா, பதுவை, மிலான். என் நாத்தனார் குடும்பம் போன போது ஒவ்வொரு ராத்திரியும் ஒரு ஊர் என்று போட்டு, பாதிப் பயணம் பெட்டி கட்டுவதிலும் பிரிப்பதிலும் போனது என்று இன்னமும் புலம்புகிறார்கள். ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான் என்று அட்டவணை சொல்லும். அறையைக் காலி செய்து, பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து, அங்கே இறங்கி, அடுத்த அறை மூன்று மணிக்குத்தான் தருவார்கள் என்பதால் பெட்டிகளை எங்காவது வைத்துவிட்டு அலைந்தால் அந்த நாள் போயிற்று. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை எடுத்து, கைப்பையோடு காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புவதற்கு இத்தாலி மாதிரி வசதியான நாடு கிடையாது. இதில் என் கணவரோடு கொஞ்சம் சண்டையே வந்தது, அவருக்கு வெனிஸில் ஒரு ராத்திரியாவது தங்க ஆசை. நான்கு பெரிய பெட்டிகளைப் பாலப் படிகளில் தூக்கி இறக்குவது யார் என்று கேட்டேன். பேச்சு நின்றது.

அப்புறம் விசா. எல்லாக் குடும்பத் திட்டமும் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. இதில் 12 வயதானாலே பெரியவர் கணக்குதான், ஆகவே மகனுக்கும் முழுக் கட்டணம், மகளுக்கு மட்டும் பாதி. எங்கள் ஐந்து பேருக்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் போக 405 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். தங்குமிடம், விமானம், எந்த நாளில் எந்த ஊர் என்பதெல்லாம் காகிதத்தில் காட்ட வேண்டும். ஆனால் விசா கைக்கு வரும் முன் பணத்தைப் போட்டு எல்லாவற்றையும் வாங்கவும் மனசு வராது. இந்த இடத்தில்தான் இத்தாலி ரயில் டிக்கெட்டின் விலை முறையைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் ஐஆர்சிடிசி பழக்கத்தில் வளர்ந்தவர்கள். அறுபது நாள் முன்பு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து தட்டாவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட். அந்தப் பதற்றத்தை அங்கே கொண்டுபோகத் தேவையில்லை. அங்கே நாங்கள் பெரும்பாலும் ஏறப்போகும் ரயில் இரண்டு ஜாதி. ஒன்று அதிவேக ரயில்: அரசு நிறுவனமான ட்ரெனித்தாலியா ஓட்டும் ஃப்ரெச்சா ரயில்களும், 2012இல் போட்டிக்கு வந்த தனியார் இத்தாலோவும். இவற்றில் இருக்கை எண்ணோடுதான் டிக்கெட், விலை விமான டிக்கெட் மாதிரி ஏறிக்கொண்டே போகும். முதலில் வாங்கினால் சூப்பர் எகானமி, அது தீர்ந்தால் எகானமி, கடைசியில் பேஸ். சூப்பர் எகானமி மலிவு, ஆனால் வாங்கியது வாங்கியதுதான், தேதியும் மாறாது, பணமும் வராது. பேஸ் விலை அதிகம், ஆனால் கிளம்பும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் நேரம் மாற்றலாம், வேண்டாமென்றால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். இரண்டாவது ஜாதி, ஊருக்கு ஊர் நின்று போகும் ரெஜியோனாலே. இதற்கு ரிசர்வேஷனே இல்லை, இன்று வாங்கினாலும் மூன்று மாதம் முன்பு வாங்கினாலும் ஒரே விலை, டிக்கெட் தீர்ந்துபோகும் பேச்சே கிடையாது. பதுவையிலிருந்து வெனிஸுக்குப் போக, சுற்றுவட்டார ஊர்களைப் பார்க்க எல்லாம் இதுவே போதும்.

எனவே விசாவுக்கு முன்பு ரயில் டிக்கெட் எதையும் வாங்குவதில்லை, அறைகளை மட்டும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் போட்டு வைப்பது என்று முடிவு செய்தோம். ஊர் மாறும் மூன்று அதிவேக ரயில்களின் எண்களையும் நேரத்தையும் பயண விவரத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். விசா வந்த மறுநாள் அந்த மூன்றையும் வாங்குவோம். மற்ற பயணங்களை அங்கே போய், அன்றைய மனநிலையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். மொத்தமாக, பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் யூரெய்ல் பாஸ் வாங்கிவிடலாமே என்று நிறையப் பேர் சொன்னார்கள். நாடு நாடாகச் சுற்றுபவர்களுக்குச் சரி. இத்தாலிக்குள் மட்டும் என்றால், பாஸ் இருந்தாலும் ஃப்ரெச்சாவில் ஏற ஆளுக்கு ஒவ்வொரு முறையும் தனியாக ரிசர்வேஷன் பணம் கட்ட வேண்டும். எங்கள் பாதைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ட்ரெனித்தாலியாவில் ஒரு சலுகை உண்டு, பிம்பி கிராட்டிஸ் என்று பெயர். இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுவில் 15 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இலவசம், பெரியவர்கள் பேஸ் கட்டணம் கட்ட வேண்டும். கேட்டதும் பாய்ந்து வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு பேச்சுக்கு பேஸ் 50 யூரோ, சூப்பர் எகானமி 20 யூரோ என்று வையுங்கள். எங்களைப் போல மூன்று பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் 'இலவச' வழியில் 150, எல்லாருக்கும் காசு கொடுத்து மலிவு டிக்கெட் வாங்கினால் 100. சீக்கிரம் வாங்குகிறவர்களுக்கு இலவசம் நஷ்டம், கடைசி நேரத்தில் வாங்குகிறவர்களுக்கு அதே சலுகை வரப்பிரசாதம், ஏனென்றால் அப்போது மிச்சமிருப்பது பேஸ் மட்டும்தான். ரெஜியோனாலேயில் 4 வயதுக்குள் இலவசம், 12 வரை பாதி. அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குள் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அனுமதி இலவசம், இதைத் தெரியாமல் வெளியாள் யாரிடமோ 'குழந்தை டிக்கெட்' வாங்குபவர்கள் உண்டு.

நான் தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள், மிலான் கண்காட்சிக்காக அந்தப் பக்கம் போய் வந்த அனுபவம் இருக்கிறது. அதனால் ரெஜியோனாலேயைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் முத்திரை குத்த வேண்டும். பிளாட்பாரம் முனையில், சுவரிலோ தூணிலோ, கை அகலத்துக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும், வாயில் டிக்கெட்டைச் செருகினால் 'கிர்ர்' என்று தேதியும் நேரமும் மங்கலாக அடித்துத் தரும். அவ்வளவுதான். அது அடிக்காத டிக்கெட், பணம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், செல்லாத டிக்கெட். ஒரு முறை கோமோ ஏரிப் பக்கம் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி. அந்த அம்மாள் டிக்கெட்டைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் கட்டி வைத்திருந்தார். பரிசோதகர் உறையிலிருந்து எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரை இல்லை. கணவர் வாங்கிய ரசீதைக் காட்டிக்கொண்டே இருந்தார். பரிசோதகர் மேல் பையிலிருந்து பேனா எடுத்து, டிக்கெட்டின் ஓரத்தில் நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, விரலை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எல்லாப் பரிசோதகரும் அப்படிப் பேனா எடுப்பதில்லை, அபராதச் சீட்டு எடுப்பவர்களும் உண்டு. செயலியில் வாங்கினால் முத்திரைக்குப் பதில் ஏறும் முன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். அதிவேக ரயிலுக்கு இந்த வேலை எதுவும் இல்லை, அந்த ரயிலுக்கும் அந்த இருக்கைக்கும் மட்டும்தான் டிக்கெட் என்பதால்.

இன்னொன்று, பலகையில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். அங்கே எழுதியிருப்பது ரயில் போய்ச் சேரும் கடைசி ஊர். நாம் போலோன்யாவில் இறங்கப் போகிறோம், பலகையில் மிலானோ என்றோ வெனேஸியா என்றோ இருக்கும். ரயில் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. பிளாட்பாரம் எண் கடைசி நேரத்தில்தான் வரும். அது வந்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் ஓடும், பெட்டிகளோடும் ஆச்சியோடும் அந்த ஓட்டத்தில் மாட்டாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. பெரிய ஸ்டேஷன்களில் சாலா புளூ என்ற உதவி மையம் உண்டு. வயதானவர்கள், நடக்கச் சிரமப்படுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சக்கர நாற்காலியில் கொண்டுபோய், தேவைப்பட்டால் தூக்கி வைத்து, ரயிலிலேயே உட்கார வைத்துவிட்டு வருவார்கள். கட்டணம் இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். "ஏன், எனக்குக் காலா இல்ல?" என்றார். மூட்டுவலித் தைலம் எத்தனை பாட்டில் எடுத்துப்போவது என்று அதே மூச்சில் கேட்டார். பதிவு செய்துவிடுவேன், அங்கே போய் நாற்காலியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார்.

ரோமிலிருந்து ஒரு நாள் நேப்பிள்ஸ். ஒரு மணி பத்து நிமிடம், 300 கிலோமீட்டர் வேகம். மகனுக்கு இதுதான் முழுப் பயணத்தின் உச்சம், கோச்சில் இருக்கும் திரையில் வேகம் காட்டுவார்களாம். ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவே இருப்பது ஐரோப்பாவின் முதல் அதிவேகப் பாதை, 1977இல் முதல் பகுதி திறந்தது, ஆனால் அதில் 250தான் என்று எங்களுக்கே பாடம் எடுக்கிறான். நேப்பிள்ஸ் போனால் எல்லாரும் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய நகரமான பாம்பேயிக்குத்தான் போவார்கள், நாங்களும் போகிறோம். அங்கே போகும் சிர்கும்வெசுவியானா ரயில் வேறு நிறுவனத்துடையது, டிக்கெட்டும் வேறு, நெரிசலும் நம் புறநகர் ரயில் அளவுக்கு இருக்கும், பையை முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். பாம்பேயி டிக்கெட்டில் இப்போது பெயர் எழுதியிருக்கும், ஒரு நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பும் உண்டு, ஆகவே முன்பதிவு.

மதியத்துக்கு மேல் வெயிலில் இடிபாடுகளுக்கு நடுவே மகளை இழுத்துக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. அதனால் பியெத்ரார்சா. இத்தாலியின் முதல் ரயில் 1839 அக்டோபர் 3ஆம் தேதி நேப்பிள்ஸிலிருந்து போர்ட்டிச்சிக்கு ஓடியது, அந்தப் பாதையின் ஓரத்திலேயே பழைய எஞ்சின் தொழிற்சாலையை ரயில் அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கடலை ஒட்டிய கொட்டகைகள், உள்ளே நீராவி எஞ்சின்கள். எல்லா நாளும் திறந்திருக்காது, அதனால்தான் அந்த வாரத்தின் எந்த நாளை நேப்பிள்ஸுக்கு வைப்பது என்பதை அதன் நேரத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

சிசிலித் தீவை விட்டுவிட்டோம். வருத்தம்தான். ரோமிலிருந்து சிசிலிக்குப் போகும் ரயில் தரைமுனையில் கோச் கோச்சாகப் பிரிந்து கப்பலுக்குள் ஏறி, மெசினா ஜலசந்தியைக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்து கிளம்பும். நாம் கோச்சிலேயே உட்கார்ந்திருக்கலாம், மேலே ஏறிக் கடலும் பார்க்கலாம். அம்மா இதைக் கேட்டதும் போட் மெயிலை நினைத்துக்கொண்டார், அவருடைய அப்பா அதில் தனுஷ்கோடி வரை போய், இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போனவர். இங்கே ரயிலே கப்பலேறும் என்பதை அவர் நம்பவே இல்லை, வீடியோ போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் ரோமிலிருந்து சிசிலியின் பலெர்மோவுக்குப் பதினோரு பன்னிரண்டு மணி நேரம். செவ்வாய்க்கிழமைக்குள் பதுவை வந்து சேர முடியாது.

ஃப்ளாரன்ஸில் தங்காமல் போலோன்யாவில் தங்குவது ஏன் என்று கேட்பவர்களுக்கு: ஃப்ளாரன்ஸ் 37 நிமிடம்தான், நடுவில் ஏறக்குறைய முழுக்கச் சுரங்கம் என்பதால் சன்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது. போலோன்யாவில் அதே காசுக்குச் சமையலறையோடு பெரிய வீடு கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் அதன் மூடிய நடைபாதைகள். கட்டடங்களின் கீழே தூண்கள் வைத்துத் தெருத்தெருவாக இழுத்திருக்கிறார்கள், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது அவற்றைத்தான். மழையோ வெயிலோ தலையில் படாமல், சமதரையில், அம்மா தன் வேகத்தில் நடக்கலாம். மலைமேல் இருக்கும் சான் லூக்கா மாதா கோயிலுக்கே 666 வளைவுகளோடு அப்படி ஒரு பாதை போகிறது. அதில் நடப்பது நாங்கள், அம்மா வண்டியில். ஞாயிறு முழுதும் ஃப்ளாரன்ஸில் என்பதால் பூசையைச் சனிக்கிழமை மாலையே பார்த்துவிடுவது என்று உடன்பாடு. இங்கே ஒரு எச்சரிக்கை, போலோன்யாவில் அதிவேக ரயில்களுக்கான பிளாட்பாரங்கள் தரைக்கு அடியில் ஆழத்தில் இருக்கின்றன, மேலிருந்து இறங்கிப் போகப் பத்து நிமிடமாவது வைத்துக்கொள்ள வேண்டும். மேலே முகப்பில் ஒரு கடிகாரம் 10:25இல் நிற்கும். பழுது இல்லை. 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது.

பதுவையில் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். செவ்வாய் காலை அந்தோணியார் பேராலயமான பசிலிக்கா, அம்மாவுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். அந்தோணியாரின் நாக்கு அழியாத பொருளாக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது, கல்லறையில் கை வைத்து வேண்டிக்கொள்ளலாம். உறவுக்காரர்கள் கொடுத்தனுப்பப் போகும் வேண்டுதல் சீட்டுகளுக்கே தனிப் பை வேண்டியிருக்கும். மாலையில் முடிந்தால் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம், 1305 வாக்கில் ஜியோத்தோ சுவரெல்லாம் வரைந்த ஓவியங்கள். ஓவியம் கெடாமலிருக்கச் சிறு குழுக்களாகக் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு கட்டாயம். மறுநாள் வெனிஸ், அரை மணி நேரம் ரெஜியோனாலே. மெஸ்த்ரே வந்ததும் எழுந்துவிடக் கூடாது, அது நிலப்பகுதி. அதைத் தாண்டிக் காயல் மேல் நீளும் பாலத்தில் ரயில் போய் சாந்தா லூச்சியாவில் நிற்கும், வெளியே வந்தால் நேராகப் பெரிய கால்வாய். ஸ்டேஷன் கட்டுவதற்காக இடித்த புனித லூசியா கோயிலின் பெயர்தான் அது. அவருடைய உடல் நாலெட்டு தள்ளியிருக்கும் சான் ஜெரேமியா கோயிலில் இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிக்கொள்ளும் புனிதர், அம்மாவுக்குப் போன வருஷம்தான் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது, ஆகவே அந்த நாளும் அவர் பக்கமே போய்விட்டது.

வியாழக்கிழமை என் கணவருக்கு. மெரினாவில் சிலையாக நிற்கும் வீரமாமுனிவர், அதாவது கொஸ்தான்சோ பெஸ்கி, 1680இல் பிறந்த ஊர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே. இலக்கணப் பைத்தியமான என் கணவருக்கு அந்தத் தெருவில் நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும். ஊருக்கு ரயில் கிடையாது. பதுவையிலிருந்து மிலான் பாதையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போய், கார்தா ஏரிக்கரையில் தெசென்சானோவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ. சுற்றுலாக்காரர் யாரும் போகாத ஊருக்கு ஒரு நாளா என்று நான் முதலில் முகம் சுளித்தேன். தேடிப் பார்த்தால், புனித ஞானப்பிரகாசியார் என்று நம்மவர்கள் சொல்லும் அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் அதே ஊர், அவர் பெயரில் பசிலிக்கா இருக்கிறது. 1859இல் பக்கத்தில் சோல்ஃபெரினோவில் நடந்த போரில் அடிபட்டவர்களை எந்தப் படை என்று பார்க்காமல் காஸ்திலியோனே ஊர்ப் பெண்கள் கவனித்ததைப் பார்த்துத்தான் ஹென்றி துனானுக்குச் செஞ்சிலுவை யோசனை வந்தது, அதற்கும் அங்கே ஒரு அருங்காட்சியகம். சரி, மூன்று காரணம் சேர்ந்துவிட்டது. மகன் மட்டும் இதற்கு ஈடாக அடுத்த ஸ்டேஷன் பெஸ்கியெராவிலிருந்து போகும் கார்தாலாண்ட் விளையாட்டுப் பூங்காவைக் கேட்டான், வெள்ளிக்கிழமை அப்பாவும் அவனும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலையில்லை, கடல்காரக் குடும்பம், எந்த மீனும் உள்ளே போகும். ராத்திரி ஒரு வாய் சோறு மட்டும் அம்மாவுக்கு வேண்டும், அதற்காகத்தான் சமையலறை உள்ள வீடுகள். எடுத்துப்போகும் பொருட்களில் ஒரு வேடிக்கை. வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது, ஆகவே நெய், பால்கோவா எல்லாம் வெட்டு. பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது, செடி கொடிக்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஆனால் தேங்காயும் வாழைப்பழமும் விதிவிலக்குப் பட்டியலில் இருக்கின்றன, மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. சட்டப்படி கருவாடு கொண்டுபோகலாம்! இதை அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை, போலோன்யாவில் வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடும் நிலை வரவேண்டாம்.

கடைசியாக வேலைநிறுத்தம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் புயல் மாதிரி திடீரென்று வராது, முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும், போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதி வாரியாகப் பட்டியலே இருக்கும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு, அதிவேக ரயில்களில் எவை ஓடும் என்றும் பட்டியல் போடுவார்கள். அதிகமாக வருவது வெள்ளிக்கிழமைகளில். அதனால்தான் பதுவையிலிருந்து மிலான் போவதைச் சனிக்கிழமைக்குத் தள்ளி, விமானத்தை ஞாயிறு மாலைக்கு வைத்திருக்கிறோம். மிலானில் ஒரு ராத்திரி அறைக் காசு கூடுதல், பரவாயில்லை. அந்த ஒரு டிக்கெட்டை மட்டும் மலிவு பார்க்காமல் பேஸில் வாங்கப் போகிறேன், பிள்ளைகள் இருவருக்கும் அன்றைக்கு இலவசம்.